ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகும் நம் பிள்ளைகள்

சென்ற பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்தில் ஒரு வாக்குவாதம் நடந்தது. என் அண்ணன் பேத்தி இங்கே கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவள். படிப்பு முடிந்ததும் தென்கொரியாவுக்குப் போய், ஓராண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம். விடுமுறை கிடைக்கும்போது ஜப்பான், வியட்நாம், தாய்லாந்து என்று சுற்றிப் பார்ப்பதும் திட்டத்தில் உண்டு. அவள் அப்பாவுக்குக் கோபம். "கம்ப்யூட்டர் படிச்சுட்டு ஏ பி சி டி சொல்லிக்கொடுக்கப் போறாளாம். நீங்களே கேளுங்க, சித்தப்பா!" என்றார்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது மதனப்பள்ளி நினைவுக்கு வந்தது. நான் சித்தூர்க்காரன். ரயில்வேயில் பாகாலா, திருப்பதிப் பக்கம் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். பாகாலா - தர்மாவரம் பாதையில் உள்ள மதனப்பள்ளி ரோடு நிலையத்தில் இறங்கி ஊருக்குள் போனால், பழைய சித்தூர் மாவட்டத்தின் பெருமைகளில் ஒன்றான பெசன்ட் தியாசபிகல் கல்லூரியைப் பார்க்கலாம்.

அங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற ஐரிஷ் கவிஞர். 1873-இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். 1915-இல் அன்னி பெசன்ட் அழைத்து, அவருடைய 'நியூ இந்தியா' பத்திரிகையில் வேலை செய்யச் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டு டப்ளினில் ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியைப் பாராட்டி எழுதியதால் அந்த வேலை போயிற்று. அதன் பிறகே மதனப்பள்ளிக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். 1919-இல் ஜப்பானுக்குப் போய், டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலம் கற்பித்துவிட்டுத் திரும்பினார். ஆக, வெளிநாடு போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தபடி ஊர் சுற்றுவது இன்றைய பிள்ளைகள் கண்டுபிடித்த புதுமை அல்ல.

ஆனால் அவர் சுற்றிய விதத்தைக் கவனிக்க வேண்டும். போன இடமெல்லாம் நம் நாட்டு ஓவியங்களின் சிறப்பை எடுத்துச் சொன்னார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலும் திருவனந்தபுரத்திலும் ஓவியக்கூடங்கள் அமைய உதவினார். 1919-இல் தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து தங்கியபோது, கசின்ஸ் தம்பதியரின் விருந்தினராக இருந்தார். 'ஜன கண மன' பாடலை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது அங்கேதான். அதன் மெட்டுக்கு இசைக்குறிப்பு எழுத உதவியவர் கசின்ஸின் மனைவி மார்கரெட்.

எல்லாவற்றையும் விட என் மனதைத் தொட்டது வேறொரு செய்தி. 1924-இல் மைசூருக்குப் போயிருந்த கசின்ஸிடம் ஓர் இளைஞர் தம் ஆங்கிலக் கவிதைகளைக் காட்டினார். ஆங்கில ஆசிரியரான கசின்ஸோ, உன் தாய்மொழியில் எழுது என்று அறிவுரை சொல்லி அனுப்பினார். அந்த இளைஞர்தான் பின்னாளில் ஞானபீட விருது பெற்ற கன்னடக் கவிஞர் குவெம்பு. நல்ல ஆங்கில ஆசிரியருக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்றைய நிலைக்கு வருவோம். கொரிய அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியர் எடுக்கும் 'எபிக்' திட்டம் 1995-இல் தொடங்கியது. பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களையே எடுக்கிறார்கள். அண்ணன் பேத்திக்கு எளிதாகக் கதவு திறப்பது அவள் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டால். சித்தூரில் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்து, பத்து வருடம் வகுப்பு எடுத்த அவளுடைய அத்தைக்கு அப்படித் திறக்காது. திருத்தணியில் பிறந்து, திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்த ராதாகிருஷ்ணன் 1936-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் ஆனார். அவரைப் போல நம் ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் கற்ற பிள்ளைக்கும் இன்று அந்தக் கொரிய வேலை எளிதல்ல. இது நியாயமா என்பது வேறு கேள்வி. நம் பிள்ளைகளுக்கு இது தற்செயலாக வாய்த்த சலுகை என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு ஒருமுறை வெளிநாட்டு இளைஞர் ஒருவர் ஆங்கிலம் கற்பிக்க வந்தார். நல்ல பையன். மூன்று மாதத்தில் கோவாவுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார்; திரும்பி வரவில்லை. அந்தப் பிள்ளைகள் வெகு நாள் வரை, "சார் எப்போ வருவாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது பயணத்தில் ஒரு நிறுத்தம். பிள்ளைகளுக்கோ அது ஒரு படிப்பு வருடம்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் போகட்டும், தடுக்காதீர்கள். ஏ பி சி டி சொல்லிக்கொடுப்பது கேவலமான வேலை அல்ல. ஆனால் புறப்படுமுன் மூன்று காரியங்களைக் கேளுங்கள். முதலாவது, பேசத் தெரிந்தவருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. ஆகவே முறையான பயிற்சி பெற வேண்டும். இரண்டாவது, ஒப்புக்கொண்ட காலம் முடியும்வரை வகுப்பைக் கைவிடக் கூடாது. ஊர் சுற்றுவது விடுமுறையில் மட்டும். மூன்றாவது, போகும் நாட்டின் மொழியைக் கற்க வேண்டும்.

இந்த மூன்றாவதைப் பேத்தியிடம் சொன்னபோது, "கொரியன் எழுத்தெல்லாம் படிச்சாச்சு, சின்னத் தாத்தா" என்றாள். சந்தோஷம். பிறகு நம் சங்க மலரைக் கையில் கொடுத்தேன். தலைப்பைக்கூட அவளால் வாசிக்க முடியவில்லை. குற்றம் அவளுடையது அல்ல. வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்காத நம்முடையது. தன் தாய்மொழியை வாசிக்கத் தெரியாதவள், உன் மொழியை விட்டுவிடாதே என்று ஒரு கொரியக் குழந்தையிடம் எந்த வாயால் சொல்வாள்?

அவள் ஆகஸ்டில் புறப்படுகிறாள். அதுவரை ஞாயிறுதோறும் காலையில் என்னிடம் தமிழ் எழுத்துப் படிக்க ஒப்புக்கொண்டிருக்கிறாள். இதுவரை 'ஙகரம்' வரை வந்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இப்படிப் புறப்படும் பிள்ளை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள். நாற்காலிக்குப் பஞ்சமில்லை.