ஏ.எம்.இ. சேர்க்கும் முன் ஒரு நிமிடம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் லண்டனில் இருக்கும் என் போன் ஓயாது. "தம்பி, பையனை ஏ.எம்.இ. சேர்க்கலாம்னு இருக்கோம். முடிச்சா உடனே வெளிநாட்டுல வேலையாமே?" நான் ஐடி ஆள். ஆனால் ஃபீஸுக்குப் பணம் அனுப்பப் போவது நம்மைப் போன்றவர்கள்தானே? விசாரிக்காமல் இருக்க முடியுமா?

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். ஏ.எம்.இ. என்பது பட்டம் அல்ல, லைசென்ஸ். கல்லூரி தருவது படிப்பை முடித்ததற்கான சான்றிதழ் மட்டும்தான். லைசென்ஸ் தருவது டி.ஜி.சி.ஏ. அதற்குத் தனித்தனிப் பாடத் தேர்வுகள் உண்டு. சேவையில் உள்ள விமானங்களில் வேலை பார்த்த அனுபவமும் வேண்டும். அதன் பிறகும், ஏர்பஸ் ஏ320-க்குக் கையெழுத்துப் போட அந்த ரகத்துக்கான தனிப் பயிற்சி தேவை.

அடுத்து, லைசென்ஸ் தானாக எல்லை தாண்டாது. பிரிட்டன் லைசென்ஸே 2021 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் செல்லாமல் போனது. அப்படியிருக்க, "எங்க சர்டிபிகேட் உலகம் பூரா செல்லும்" என்று சொல்பவரை எப்படி நம்புவது?

இவ்வளவு கெடுபிடி தேவையா என்றால், தேவைதான். 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடம்பு வெளியே தொங்க, ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள். காரணம்? புதிதாக மாட்டிய 90 போல்ட்டில் 84 போல்ட்டுகளின் விட்டம் மயிரிழை அளவு குறைவு. என் வேலையில் தப்பு நடந்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம். அங்கே அது முடியாது.

இந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. "ஸ்பானர் பிடிக்கிற வேலைதானே" என்று இங்குள்ள நம் பெற்றோர் முகம் சுளிப்பதுதான் எனக்குப் புரியவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தால், கடன் வாங்காமல் சம்பளத்தோடு கற்கலாம்.

ஊருக்குப் பணம் அனுப்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த நிறுவனத்துக்கு டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர். 147 அனுமதி இப்போது இருக்கிறதா? செய்முறைப் பயிற்சி எந்த விமானத்தில், எந்த ஹேங்கரில்? அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால், நகையை அடகு வைக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.