பெயரில் மட்டும் ராஜா

சென்ற பருவத்தில் ஒருநாள் வகுப்பில் பாடாண் திணை நடந்துகொண்டிருந்தது. கொடுத்தவனைப் புகழ்வது பாடாண் எனில், தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்துவிட்ட பூ.ச. குமாரசாமி ராஜாவும் பாடாண் தலைவர்தாமே என்று இராஜபாளையத்து மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல வினா. விடை சொல்ல வாயெடுப்பதற்குள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் இன்னொரு மாணவர், "ஐயா, அவர் எந்த சமஸ்தானத்து ராஜா?" என்று வினவினார். வகுப்பு சிரித்தது. ஆனால் அந்த இரண்டாம் வினாவே நம்மை நெடுநாள் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது.

அவர் எந்த சமஸ்தானத்துக்கும் ராஜா அல்லர். இராஜபாளையத்தில் பலர் பெயரோடும் ஒட்டிவரும் குலப் பின்னொட்டு அது. 1898 இல் பிறந்து, மழலைப் பருவத்திலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து, உறவினர் அரவணைப்பில் வளர்ந்தவர் அவர். 1934 இல் டில்லி மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1949 ஏப்ரலில் ஓமந்தூரார் விலகிய பின் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1950 ஜனவரியில் குடியரசு மலர்ந்தபோது அப்பதவியின் பெயர் முதலமைச்சர் என்றாயிற்று. 1952 ஏப்ரல் வரை அப்பொறுப்பில் இருந்தார். பின்னர் ஒரிசாவின் ஆளுநராகச் சென்று, 1957 இல் மறைந்தார். இராஜபாளையத்தில் அவர் கொடுத்த இல்லம் காந்தி கலை மன்றமாயிற்று.

பெயரளவில் அல்லாது பிறப்பாலேயே 'ராஜா'க்களாக இருந்தவர்களும் அக்காலச் சட்டசபைகளில் அமர்ந்திருந்தனர். 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டப் பேரவையின் 215 இடங்களுள் 6 இடங்கள் நிலவுடைமையாளருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் பொதுமக்கள் வாக்களித்த இடங்களில் பிறப்பு மட்டும் கைகொடுக்கவில்லை. 1937 தேர்தலில் இராமநாதபுரம் மன்னரை முத்துராமலிங்கத் தேவர் வென்றார். முதன்மை அமைச்சராயிருந்த பொப்பிலி ராஜாவை அவருடைய சொந்த மண்ணிலேயே வி.வி. கிரி வென்றார். பரம்பரைக்கு வாக்குச்சீட்டு அளித்த முதல் விடை அது எனலாம்.

இங்கிலாந்தில் அந்த விடை மிகத் தாமதமாகவே வந்தது. பிரபுக்கள் சபையில் தந்தைக்குப் பின் மகன் என்று வழிவழியாக அமர்ந்து வந்தவர்களை 1999 ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேற்றியது. அப்போதும் 92 பேருக்கு மட்டும் விலக்கு அளித்தது. அவர்களுள் ஒருவர் மறைந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் நடந்து வந்தது. 2016 இல் நடந்த அத்தகைய ஓர் இடைத்தேர்தலில் வேட்பாளர்கள் 7 பேர். வாக்காளர்களோ 3 பேர். மூவரும் தர்சோ பிரபுவுக்கே வாக்களித்தனர். எஞ்சிய பரம்பரை இடங்களையும் நீக்கும் மசோதா 2024 இல்தான் கொண்டுவரப்பட்டது.

நகைப்பதற்குரிய செய்திதான். ஆயினும் நகைத்து முடித்தபின் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எவரும் தேர்ந்தெடுக்காத அந்தப் பிரபு, சபையில் பிரிவு வாக்கெடுப்பு நடந்தபோதெல்லாம் எந்தப் பக்கம் நின்றார் என்பது பெயரோடு அச்சேறியிருக்கிறது. அந்த நாட்டுப் பள்ளி மாணவர் ஒருவர் விரும்பினால், தம் ஊர்ப் பிரபு நரி வேட்டைக்கு ஆதரவாக நின்றாரா எதிராக நின்றாரா என்பதை ஒரு மாலைப் பொழுதில் கண்டறியலாம். நம் மாணவருக்கு அது இயலுமா?

இயலாது. நம் சட்டமன்றங்களில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. "ஆம் என்போர் ஆம் என்க, இல்லை என்போர் இல்லை என்க" என்றதும் ஓசை எழுகிறது. ஓசை அடங்கியதும் சட்டம் பிறந்துவிடுகிறது. யார் 'ஆம்' என்றார், யார் வாய்மூடி இருந்தார் என்பதற்குச் சுவடு இல்லை. 1985 இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பின் இந்நிலை மேலும் இறுகிவிட்டது. கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே போகலாம். விலைக்கு வாங்கப்படும் வாக்குகளைத் தடுக்கவே அச்சட்டம் வந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மனச்சான்றின்படி அளிக்கப்படும் வாக்கையும் அது சேர்த்தே அடைத்துவிட்டது. அங்கே மக்கள் தேர்ந்தெடுக்காதவருக்கு வாக்கில் விடுதலை இருந்தது. இங்கே மக்கள் தேர்ந்தெடுத்தவருக்கு அது இல்லை. இரண்டும் குறைதான். அங்குள்ள குறைக்காவது பதிவேடு உண்டு.

இதில் ஒரு முரணையும் காண்கிறோம். குமாரசாமி ராஜா உறுப்பினராக இருந்த மத்திய சட்டசபை அந்நிய ஆட்சியின் சபை. ஆனால் அச்சபையின் விவாதத் தொகுதிகளில், பிரிவு வாக்கெடுப்பு நடந்த இடங்களில், ஆதரித்தோர் பட்டியலும் எதிர்த்தோர் பட்டியலும் பெயர்களோடு அச்சிடப்பட்டுள்ளன. அடிமை நாட்டின் சபையில் அளித்த வாக்குக்குச் சுவடு இருக்கிறது. விடுதலை பெற்ற நாட்டின் மன்றத்தில் அளிக்கப்பட்ட வாக்குகளில் பெரும்பகுதி காற்றோடு போயின.

வாக்குக்குச் சுவடு இல்லாவிடினும் செயலுக்கு உண்டு. அவர் தலைமையில் இருந்த மூன்றாண்டுகள் இந்திய அரசியல் சட்டத்தின் குழந்தைப் பருவம். அக்காலத்தில் உச்ச நீதிமன்றம் வழங்கிய பெருந்தீர்ப்புகளின் தலைப்புகளைப் பார்த்தால் ஒரு பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது: சென்னை அரசு. தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கு, 1950 மே 19 இல் தீர்ப்பானது, அரசு வென்றது. 'கிராஸ்ரோட்ஸ்' வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்ற தடையை எதிர்த்து ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கு அதே மாதம் 26 இல் தீர்ப்பானது, அரசு தோற்றது. வகுப்புவாரி ஆணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தில் தோற்ற அரசு, விடாமல் உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடி, 1951 ஏப்ரல் 9 இல் அங்கும் தோற்றது. அந்தத் தோல்வியிலிருந்தே, அதே ஆண்டு ஜூனில், இடஒதுக்கீட்டுக்கு அரண் செய்த முதல் திருத்தம் பிறந்தது. பேச்சுரிமையின் எல்லையைக் குறுக்கியதும் அதே திருத்தம்தான்.

இவற்றுக்கிடையே, 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் மாண்டனர். குடியரசு பிறந்து பதினாறே நாட்கள் ஆகியிருந்தன.

இவை அனைத்தும் ஒரு தனி மனிதரின் செயல்கள் அல்ல. அமைச்சரவை, கட்சி, டில்லி, காவல்துறை எனப் பல கைகள் இவற்றில் உண்டு. ஆயினும் தலைமையில் இருந்தவர் நம் ஊர்க்காரர். சமூக நீதிக்காக இறுதிவரை வாதாடிய அரசும், ஓர் இதழை மாகாணத்துக்குள் விடாது தடுத்த அரசும் ஒன்றே. எளிமைக்கும் கொடைக்கும் பெயர்பெற்றவரின் ஆட்சிக் காலமும் சேலம் சிறையின் அந்த நாளும் ஒன்றே. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் ஒரு நூலைத் தமிழில் நாம் எழுதியிருக்க வேண்டாமா? நாம் எழுதியவை பெரும்பாலும் வீட்டைக் கொடுத்த கதையையே.

1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் தோற்றார். முதலமைச்சரே தம் மண்ணில் தோற்றார் என்பது சிறு செய்தியன்று. 375 இடங்களில் 152 மட்டுமே காங்கிரசுக்குக் கிடைத்தன. அடுத்து நடந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். தேர்தலில் நிற்காத ராஜாஜி, ஆளுநர் ஸ்ரீபிரகாசாவால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். நியமனத்தை எதிர்த்து பி. ராமமூர்த்தி நீதிமன்றம் சென்றும் பயனில்லை. மக்களிடம் சென்று தோற்றவர் வீடு திரும்பினார். மக்களிடம் செல்லாதவர் மேலவை வாயில் வழியாக உள்ளே வந்தார். அந்த மேலவை 1986 இல் கலைக்கப்பட்டது. ராஜாஜியின் ஆற்றலைப் பற்றியதல்ல நம் பேச்சு, வாயிலைப் பற்றியது. பரம்பரை ஒரு வாயில், நியமனம் ஒரு வாயில். இரண்டிலும் வாக்காளர் நிற்பதில்லை.

தமிழக அரசின் முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது நம் பகுதியின் நெடுநாள் பெருமை. மதுரை மேலைக் கோபுரமே அது என்று வாதிடுவோரும் உண்டு. எக்கோபுரமாயினும், அம்முத்திரை வழக்கிற்கு வந்த காலமும் நம் ஊர்க்காரர் பொறுப்பேற்ற காலமும் ஏறத்தாழ ஒன்றே. கோபுரத்தின் கீழிருந்து ஆணைகள் பிறந்தன. உண்மையான கோபுரத்தின் நிழலில் வாழ்ந்த மக்கள் 1952 இல் தம் ஆணையைப் பிறப்பித்தனர். அத்தீர்ப்பு சரியா பிழையா என்பது வேறு. அப்படியொரு தீர்ப்புக்கு அவர் தம்மை உட்படுத்திக்கொண்டார் என்பதே, பிறப்பால் அமர்ந்த எந்தப் பிரபுவுக்கும் இல்லாத பெருமை. நம்மைக் கேட்டால், வீட்டைக் கொடுத்ததினும் இதுவே பெரிது.

மாணவரின் முதல் வினாவுக்கு வருவோம். புறநானூற்றில் பாடாண் திணை மட்டுமா இருக்கிறது? அத்திணைக்குள்ளேயே செவியறிவுறூஉ என்றொரு துறை உண்டு. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பியிடம் சென்று, வரி கொள்ளும் முறையை அவன் முகத்துக்கு நேரே எடுத்துரைத்தது அத்துறையில்தான். புகழும் திணைக்குள்ளேயே இடித்துரைக்கும் இடத்தையும் வைத்தனர் நம் முன்னோர். நாமோ புகழை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டோம். நூற்றாண்டு மலர்களும் நினைவுச் சொற்பொழிவுகளும் அதற்குச் சான்று.

இலக்கிய நண்பர்கள் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைப் படிப்பதில்லை. அது அரசியல்காரர் வேலை என்று ஒதுக்குகிறோம். கல்வெட்டையும் செப்பேட்டையும் சொல் சொல்லாகப் படிக்கத் தெரிந்த நமக்கு, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு விவாதத்தைப் படிக்கத் தெரியாதா? ஒருவர் எதைப் பேசினார், எதைப் பேசாது விட்டார், எந்த வரியில் தடுமாறினார் என்று பார்ப்பது நம் தொழில் அன்றோ? அத்துடன், குரலால் நிறைவேறும் சட்டங்களுக்குப் பெயரோடு வாக்குப் பதிவு வேண்டும் என்று கேட்கும் உரிமையும் வாசகராகிய நமக்கு உண்டு. பதிவில்லாத வாக்கு, ஆசிரியர் பெயரில்லாத துண்டறிக்கை போன்றது.

அந்த இரு மாணவர்களுக்கும் இப்போது ஒரே ஒப்படைப்பைக் கொடுத்திருக்கிறோம். குமாரசாமி ராஜாவைப் பற்றி இரண்டு பக்கங்கள் எழுத வேண்டும்: ஒரு பக்கம் பாடாண், மறுபக்கம் செவியறிவுறூஉ. முதற்பக்கத்தை இருவரும் ஒரே நாளில் முடித்துவிட்டனர். இரண்டாம் பக்கத்துக்காக நூலகம் நூலகமாக அலைந்துகொண்டிருக்கின்றனர்.