இலவச எஸ்.எம்.பி.எஸ். வைத்த வேட்டு

பருப்பு விலை, மிளகாய் வரத்து என்று எழுதிவந்த நாம் இம்முறை கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தகரப் பெட்டியைப் பற்றி எழுதுவதைக் கண்டு சிரிக்க வேண்டாம். பட்டபாடு அப்படி.

நமது பேரன் கேம் விளையாடக் கம்ப்யூட்டர் கேட்டான். மண்டிக் கணக்கையும் அதிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சம்மதித்தோம். பிராசஸருக்கும், ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டுக்கும் கேட்ட விலையைக் கொடுத்தோம். கடைசியில், எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பற்றிக் கேட்டபோது, "கேபினெட்டுடன் இலவசமாக வருகிறது, 500 வாட், தாராளம்" என்றார் கடைக்காரர். இலவசம் என்றதும் நாமும் மயங்கினோம். வாடிக்கையாளரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

நான்கு மாதம் ஓடியது. விளையாட்டு சூடுபிடிக்கும் நேரம் பார்த்துத் தானே அணையும். வைரஸ் என்றார்கள், தூசு என்றார்கள். மார்ச் கடைசியில் ஓர் இரவு 'பட்' என்று சத்தம், கருகல் வாடை. போன பெட்டி சும்மா போகவில்லை. மதர்போர்டையும், கணக்கு இருந்த ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போயிற்று. பில் புத்தகங்களைப் புரட்டி, ஜி.எஸ்.டி. கணக்கை மறுபடி ஏற்ற மூன்று வாரம் பிடித்தது. கடைக்காரரிடம் போனால், "இலவசப் பொருளுக்கு வாரண்டி கிடையாதே, அண்ணாச்சி" என்கிறார்.

பழுது பார்க்க வந்த தம்பிதான் லேபிளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் வரியிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. அந்த வரிக்கு நேரே போட்டிருக்கும் ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் சரக்கின் உண்மையான எடை தெரிந்துவிடும். நல்ல 650 வாட் பெட்டியில் 54 ஆம்பியர் இருக்கும். அதாவது 648 வாட். நம்முடையதில் 18 ஆம்பியர். வெறும் 216 வாட்! 50 கிலோ என்று அச்சடித்த மூட்டையில் 22 கிலோகூட இல்லாமல் விற்றால் எடையளவு அதிகாரிகள் நம்மை விடுவார்களா? 3060 கார்டு ஒன்றே 170 வாட் கேட்கும். அதைத் தயாரிக்கும் என்விடியா நிறுவனமே 550 வாட் பெட்டி வேண்டும் என்கிறது. 4090 கார்டு என்றால் 850 வாட்.

'80 பிளஸ்' முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். எடுக்கும் மின்சாரத்தில் 80 சதவீதமாவது வேலைக்குப் போகிறது, மிச்சம்தான் சூடாகிறது என்பது அதன் பொருள். ஆனால் அது சிக்கனத்துக்குச் சான்றே தவிரப் பாதுகாப்புக்கு அல்ல. அதனால் ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு உண்டா, வாரண்டி ஐந்து வருடமாவது உண்டா என்றும் கேட்பது நல்லது. பழைய பெட்டியின் ஒயரைப் புதியதில் மாட்டவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்வரிசை மாறியிருக்கும். இன்னொன்று, நம் கல்லாப்பெட்டி அருகே இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட்தான் தாங்கும். அதில் கேம் கம்ப்யூட்டரை மாட்டாதீர்கள்.

இப்போது 650 வாட் பெட்டி, ஐயாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கியாயிற்று. பேரம் பேசவில்லை. மண்டிக் கணக்கு வேறு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. சனிக்கிழமைதோறும் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து இரும்புப் பெட்டியில் வைக்கிறோம்.