வயது ஆகட்டும் என்று போதை காத்திருக்குமா?

"குடிகாரனுக்குப் புத்தி சொல்லலாம், அடிக்கலாம், கோவிலுக்குக் கொண்டுபோய்க் கயிறு கட்டலாம், வைத்தியம் செய்ய முடியுமா?" என்று கேட்கிறவர்கள் நம் நாட்டில் படித்தவர்களிலேயே ஏராளமாய் இருக்கிறார்கள். அந்தப் போதைக்காரன் 16 வயதுப் பையனாயும், அதுவும் சர்க்கார் சோறு போட்டு வளர்க்கும் விடுதிப் பையனாயும் இருந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். வைத்தியம் என்கின்ற பேச்சே அங்கு எழுவதில்லை. இதைப் பற்றியே இவ்வாரம் நம் அபிப்பிராயத்தை எழுதுகிறோம்.

சென்ற தை மாதத்தில் ஒரு கூட்டத்திற்காக ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து சாமைச் சோறு சாப்பிடும்போது ஒரு கிழவர் தன் பேரனைப் பற்றிச் சொன்னார். பையன் சர்க்கார் விடுதியில் தங்கிப் படித்தவன். விடுமுறையில் கீழே ஒரு நகரத்திற்குக் கூலி வேலைக்குப் போன இடத்தில், வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. விடுதிக்குத் திரும்பிய இரண்டாம் நாள் கொட்டாவி, மூக்கொழுகல், வாந்தி, பேதி, எலும்பெல்லாம் முறிகிற மாதிரி வலி. விடுதியார் முதலில் காய்ச்சல் என்றார்கள். பிறகு காற்றுக் கருப்பு என்றார்கள். கையில் ஊசித் தழும்பைக் கண்டதும், "கெட்டுப்போன பயல், மற்றப் பிள்ளைகளையும் கெடுப்பான்" என்று பெட்டியைக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். பாட்டன் மந்திரவாதிக்கு இரண்டு கோழியும் ஆயிரம் ரூபாயும் தண்டம் அழுதார். அப்புறம் மலையிறங்கி ஒரு வைத்திய நிலையத்திற்குப் போனால், "மருந்து இருக்கிறது, ஆனால் 18 வயது ஆனவர்களுக்குத்தான் கொடுப்பது வழக்கம்" என்றார்களாம். கிழவர் நம்மைப் பார்த்து, "சாமி, அதுவரைக்கும் இவன் இருப்பானா?" என்று கேட்டார். "சாமி" என்ற வார்த்தையைத் திருத்தக்கூட அப்போது நமக்கு வாய் வரவில்லை.

தோழர்களே! போதைப் பழக்கம் என்பது தலைவிதியுமல்ல, பூர்வஜன்ம பாவமுமல்ல, வெறும் துர்நடத்தையுமல்ல. அபின் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் மூளையில் குறிப்பிட்ட சில இடங்களில் போய் ஒட்டுகின்றன. நாளடைவில் மூளை அதற்குப் பழகிப்போய், அது வராவிட்டால் உடம்பையே புரட்டி எடுக்கின்றது. பூப்ரனார்பின் என்கின்ற மருந்து அதே இடத்தில் போய் மெதுவாய் உட்கார்ந்து, நெடுநேரம் தங்கி, வெறியேற்றாமல் தவிப்பை மட்டும் அடக்குகின்றது. பையன் சாப்பிடலாம், தூங்கலாம், பள்ளிக்கூடம் போகலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2005-லேயே இதையும் மெதடோனையும் அவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சாராயப் பழக்கத்தினருக்கு உதவும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்பவைகளை 2023-ல் சேர்த்தது. அமெரிக்காவில் பூப்ரனார்பின் 16 வயதிலிருந்தே கொடுக்க அனுமதிக்கப்பட்டிருக்கின்றது. அந்நாட்டுக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் 2016-ல், கடுமையான அபின்வகைப் பழக்கமுள்ள இளம்பிள்ளைகளுக்கு இத்தகைய மருந்து கொடுப்பதை வைத்தியர்கள் யோசிக்கவேண்டும் என்று பகிரங்கமாய்ச் சொல்லிற்று.

எல்லாவற்றிற்கும் மருந்து உண்டு என்று புளுக நாம் வரவில்லை. பசையையும் பெயின்ட் கரைக்கும் திரவத்தையும் முகரும் பழக்கத்திற்கும், கஞ்சாவுக்கும் தனி மருந்து இன்னும் அகப்படவில்லை. சாராய மருந்துகளும் பெரியவர்களிடத்தில் சோதிக்கப்பட்ட அளவுக்குப் பிள்ளைகளிடத்தில் சோதிக்கப்படவில்லை. மருந்தோடு பேச்சும், அன்பும், படிப்பும், வேலையும் சேரவேண்டும். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லுவதுதான் பகுத்தறிவு. தெரியாததைத் தெரியும் என்பது மந்திரவாதியின் பிழைப்பு.

இனி ஆட்சேபணைகளைப் பார்ப்போம். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்கிறார்கள். மலைக்காய்ச்சல்காரனுக்கு மருந்து கொடுக்கும்போது, "மன உறுதி இருந்தால் காய்ச்சல் போய்விடும், மருந்து எதற்கு?" என்று யாராவது கேட்டதுண்டா? சர்க்கரை வியாதிக்காரன் தினம் ஊசி போட்டுக்கொண்டால் அவனை ஊசிக்கு அடிமை என்கிறோமா? "அடைத்து வைத்தால் தானாய் மறந்துவிடுவான்" என்கிறார்கள். அடைத்து வைத்த நாட்களில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துபோகின்றது. வெளியே வந்தவன் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்று சாகிறான். ஆகவே மருந்தில்லாமல் அடைப்பதும் விடுதியைவிட்டு விரட்டுவதும் திருத்துவதாகாது. பிள்ளையைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவதேயாகும்.

"கயிறு கட்டி விட்டவன் இருக்கிறானே" என்பார்கள். கயிற்றுக்கு மூளைக்குள் போகும் வழி எது என்று கேட்கிறோம். நூறு பேர் கட்டிக்கொண்டதில் விட்டவன் கதைதான் ஊரெல்லாம் பரவுகிறதே ஒழிய, மறுவாரமே குடித்தவர்கள் கணக்கை எந்தப் பூசாரி வைத்திருக்கிறான்? நோயாளியை வைத்தியத்திற்கு அனுப்பாமல் சாமியிடமும் சமாதியிடமும் கட்டிப்போட்டதன் பலனை ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி பார்த்தோம். சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். எந்தத் தெய்வமும் ஒரு சங்கிலியையாவது அவிழ்க்க வரவில்லை.

இது மலைச் சங்கதி மாத்திரமல்ல. 2018-ல் நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசியக் கணக்கின்படி, 10 முதல் 17 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் அபின்வகை உபயோகிப்பவர்கள் சுமார் 40 லட்சம், மது அருந்துபவர்கள் 30 லட்சம். முகரும் போதை ஒன்றில்தான் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் விகிதத்தில் அதிகம். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்ததாம். பெரியவர்கள் கதியே இப்படியென்றால், மலையில் தாய் தகப்பன் கூலிக்குப் போய்விட விடுதியில் வளரும் பிள்ளையின் கதி என்ன?

தாய் தகப்பன் ஏன் போகிறார்கள்? 2015 ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அவர்களில் இந்த மலைப்பக்கத்து ஏழைகளும் இருந்தார்கள். வயிற்றுக்கில்லாமல் வெளியூர் போகிறவன் பிள்ளையை யாரை நம்பி விட்டுப்போகிறான்? சர்க்காரை நம்பித்தான். பிள்ளைக்குச் சோறு, துணி, புத்தகம் கொடுப்பேன் என்று ஏற்றுக்கொண்ட சர்க்கார், வியாதி வந்தால் மாத்திரம் "உன் பிள்ளையைக் கூட்டிப் போ" என்பது என்ன யோக்கியதை?

சட்டம் இல்லையா என்றால் நிறைய இருக்கின்றது. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவு, பிள்ளைக்கு மதுவோ போதையோ கொடுப்பவனுக்கு 7 வருஷம் வரை கடுங்காவலும் லட்ச ரூபாய் வரை அபராதமும் என்கிறது. 93-வது பிரிவு, சர்க்கார் இல்லங்களிலுள்ள பிள்ளை போதைக்கு அடிமையாயிருந்தால் வைத்திய இடத்திற்கு மாற்ற வழி சொல்லுகிறது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், மது, போதையால் வரும் மனக்கோளாறுகளையும் நோய் என்றே ஒப்புக்கொண்டு, சர்க்காரிடம் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கின்றது. பிள்ளைகளைப் பெரியவர்களோடு சேர்க்காமல் தனியே வைக்கவேண்டும் என்றும் சொல்லுகின்றது. காகிதத்தில் குறையில்லை. ஆனால் ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கி வருகிற பையனுக்கு அந்தக் காகிதம் மாத்திரையாக மாறுவதில்லை.

பணமில்லையா? 2023-24-ல் மட்டும் டாஸ்மாக் மூலம் சர்க்காருக்கு வந்த வரும்படி 45,000 கோடி ரூபாய்க்கு மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60 பேருக்கு மேல் மாண்ட பிறகுதான் வைத்தியத்தைப் பற்றிய பேச்சே பலத்தது. "கலங்கரை" என்னும் பெயரில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் போதை மீட்பு நிலையங்கள் 2025-ல் திறக்கப்பட்டதை நாம் மனதார வரவேற்கிறோம். ஆனால் கலங்கரை விளக்கம் கடலோரத்தில் நின்றால் போதாது. மலைக்கும் வெளிச்சம் தெரியவேண்டும். இதே ஜவ்வாது மலையில் காவலூரில் பல கோடி மைல் தூரத்து நட்சத்திரத்தைப் பார்க்கப் பெரிய தொலைநோக்கி வைத்திருக்கிறோம். அந்த விஞ்ஞானத்தைப் போற்றுகிறோம். ஆனால் அதன் அடிவாரத்தில் ஒரு பையன் துடிப்பதைப் பார்க்கக் கண்ணாடி எதுவும் தேவையில்லையே!

ஆகவே நாம் கேட்பதாவது: முதலாவது, பழக்கத்திற்காக எந்தப் பிள்ளையையும் உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்தும் இல்லத்திலிருந்தும் விரட்டக்கூடாது, வைத்தியம் முடிந்தால் அவன் இடம் அவனுக்கிருக்கவேண்டும். இரண்டாவது, "18 வயது" என்ற வழக்கத்தை விட்டு, மனநல வைத்தியரும் குழந்தை வைத்தியரும் பார்த்துத் தகுந்த பிள்ளைக்கு மருந்து கொடுக்கத் தெளிவான உத்தரவு வேண்டும். மூன்றாவது, மாதத்தில் குறித்த நாட்களில் வைத்தியரே மலைக்கு வரவேண்டும். மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கவேண்டும். நான்காவது, விடுதிக் காப்பாளருக்கும் உபாத்தியாயருக்கும் இந்நோயின் குறிகளைச் சொல்லிக்கொடுக்கவேண்டும். காற்றுக் கருப்பு என்ற பேச்சு சர்க்கார் கட்டடத்துக்குள் நுழையக்கூடாது.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஊரில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், "குடிகாரப் பயல்" என்று காறித் துப்பாதீர்கள். பூசாரியிடம் பணம் கட்டாதீர்கள். கையைப் பிடித்து சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். மது வாங்க 21 வயது வேண்டும் என்கிறது சட்டம். மருந்து வாங்க 18 ஆகட்டும் என்கிறது வழக்கம். போதை மாத்திரம் யாருடைய வயதையும் கேட்பதில்லை. வயதைக் கேட்காத நோய்க்கு வயதைக் கேட்டு மருந்து கொடுப்பது அறிவுடைமையா என்று யோசித்துப் பாருங்கள்.