மொட்டை டயரும் "வேகக் கட்டுப்பாடும்"

எங்கள் தொழிலில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் வாசகம் ஒன்றுண்டு. "சாரதியின் வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் பாய்ந்து விபத்துக்குள்ளானது." பசறை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை என்று ஊர்ப் பெயரை மாத்திரம் மாற்றினால் செய்தி தயார். பொலிஸிடமிருந்து அந்த வடிவிலேயே வருகிறது, பத்திரிகையில் அந்த வடிவிலேயே அச்சாகிறது. நடைவேகத்தில் இறங்கிய வானும் "வேகக் கட்டுப்பாட்டை" இழந்ததாகவே எழுதப்படுகிறது. ஏன் இழந்தது என்று கேட்பதற்கு அந்த வாசகத்தில் இடமில்லை. கவிழ்ந்த வாகனத்தின் நான்கு சக்கரங்களும் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். சுற்றி நிற்கும் கூட்டம், பொலிஸார், படம் பிடிப்போர் எல்லோரும் அந்த டயர்களைத் தாண்டித்தான் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். டயரைப் பார்ப்பவர் இல்லை.

பதுளையில் பிறந்து வளர்ந்து இப்போது டொரொன்டோவில் வாழும் என் மைத்துனர் ஒருவர், பின்சக்கரங்களால் இயங்கும் கார் ஒன்றை வைத்திருக்கிறார். ஒவ்வொரு நவம்பரிலும் நான்கு டயர்களையும் கழற்றி வைத்துவிட்டு, "மாரிகால டயர்" என்று வேறு நான்கைப் பூட்டிக்கொள்கிறார். வெப்பநிலை ஏழு பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும் என்பதும், மாரிகால டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும் என்பதும், அதன் முகத்தில் கத்தியால் கீறினாற்போன்ற நுண்ணிய வெட்டுகள் பனியைக் கவ்வும் என்பதும் அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் இது சட்டம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த டயரில்லாமல் அங்கே பதிவான கார் வீதியில் இறங்கக்கூடாது.

பனி பெய்யாத ஊவாவுக்கு இந்தக் கதை எதற்கு என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் குளிருக்குச் சொல்லும் அதே மாரி என்ற சொல்லை நாம் மழைக்கு வைத்திருக்கிறோம். ஒக்டோபர் தொடங்கித் தைப் பொங்கல் கடந்தும் பதுளையைப் பிடித்துக்கொள்வது அந்த மாரிதான். பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் வீதியை அந்நாட்களில் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேட்டிலிருந்து வழிந்த செம்மண் சேறு, நிழல் விழும் வளைவுகளில் பாசி, நனைந்து ஒட்டிக் கிடக்கும் இலைகள், பஸ் சிந்திய டீசல், நமுனுகுல மலையிலிருந்து இறங்கும் மூட்டம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பிறகு மண் சரியாத வீதி எது என்று தேடவேண்டியிருந்தது. இந்த வழுக்கலுக்கு நாம் செய்யும் ஆயத்தம் என்ன? முன்கண்ணாடியில் ஒரு சாமி படம்.

மாரிகால டயர் வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. வாங்கவே கூடாது. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வாகனங்கள் சிலவற்றில் பனிக்கால டயர்களே பூட்டப்பட்டிருப்பதுண்டு. பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்திருக்கும், அல்லது "ஸ்டட்லெஸ்" என்று எழுதியிருக்கும். "ஜப்பான் சாமான், மெத்தென்று இருக்கிறது" என்று விற்பவர் புகழ்வார். அந்த மென்மைதான் இங்கே கேடு. நம் வெயிலில் அது சீக்கிரம் தேயும். சூடான ஈர வீதியில் சாதாரண நல்ல டயரின் பிடிப்பும் அதற்கு இராது. மைத்துனரிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது டயரை அன்று. பருவம் மாறுமுன் டயரைக் குனிந்து பார்க்கும் பழக்கத்தை.

மலைநாட்டில் ஓடும் வாகனங்களை எண்ணிப் பாருங்கள். பஸ், தேயிலைக் கொழுந்து லொறி, "டொல்பின்" என்று ஊர் அழைக்கும் டொயோட்டா ஹையேஸ், டிமோ பட்டா, ஓட்டோ, இன்னும் உயிரோடிருக்கும் மொரிஸ் மைனர் எல்லாமே பின்சக்கர இயக்கம். மேடு ஏறும்போது பாரம் பின்னே சாய்ந்து பின்சக்கரங்களை அழுத்துவதால் இவை வீதியைக் கவ்விக்கொண்டு ஏறும். பழைய சாரதிகள் இவற்றைக் கொண்டாடுவது அதனால்தான், அதில் தவறில்லை. இறக்கத்தில் கதை தலைகீழ். பாரம் முன்னே போகிறது, பின்பக்கம் இலேசாகிறது. அந்நேரம் சாரதி கியரைக் குறைத்துக் கிளச்சை வெடுக்கென்று விட்டால், இயந்திரத்தின் இழுவை முழுவதும் அந்த இலேசான பின்சக்கரங்களில் மாத்திரம் விழும். கெப்பெட்டிபொலவில் மரக்கறியை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறி, பாரத்தோடு போன லொறியைவிட எளிதாக வாலை ஆட்டுவதும் இதனாலேயே. கியரைக் குறைத்து இறங்க வேண்டும் என்பது சரிதான். வளைவுக்கு முன்னரே, மெதுவாக.

முன்சக்கரம் வழுக்கினால் வாகனம் திரும்ப மறுத்து நேரே போகும். காலை எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு மீளும். பின்சக்கரம் வழுக்கினால் வால் முன்னே வரப் பார்க்கும். அதைத் திருத்த சாரதிக்குக் கிடைப்பது ஒரு விநாடி. ஒருபுறம் மலைச்சுவரும் மறுபுறம் தேயிலைச் சரிவும் உள்ள வீதியில் அந்த ஒரு விநாடியும் மிகை.

இப்போது நம் ஊர் வழக்கத்துக்கு வருவோம். ஸ்பிரிங்வெளிப் பக்கம் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் பழைய வான் ஒன்றைக் குனிந்து பார்த்தேன். முன்னால் இரண்டும் புதிது. பின்னால் இரண்டும் வாழைப்பழத் தோல். "என்ன தம்பி இது?" என்றேன். "முன் டயர்தானே ஐயா வண்டிய திருப்புது? அதுக்குப் புதுசு போட்டாச்சு. பின்னுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஓடும்னு மொதலாளி சொல்றாரு" என்றார். அந்த வானில் ஏறும் பிள்ளைகளின் தாய்மார் அந்நேரம் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தத் தம்பியின் நம்பிக்கை அவருடையது மாத்திரமல்ல. இரண்டு டயருக்கே காசு உள்ளவன் புதியதை முன்னால் போடவேண்டும் என்பது இந்த நாட்டில் வேதவாக்கு. கார், வான் வகையைப் பொறுத்தவரை அது பிழை. நல்ல டயர் இரண்டு மாத்திரம் இருந்தால் அவை போகவேண்டிய இடம் பின்பக்கம் என்று டயர் செய்கிறவர்களே சொல்கிறார்கள். நீரை வெளியே தள்ளும் பள்ளம் தேய்ந்த டயர், நனைந்த வீதியில் நீரின்மேல் மிதக்கிறது. வாலைப் பிடித்து வைக்கவேண்டிய சக்கரங்களே மிதந்தால் சுக்கானைப் பிடித்திருப்பவன் என்ன செய்வான்? ஐரோப்பாவில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் கார் டயர் சட்டவிரோதம். பஸ்ஸுக்குக் கணக்கு வேறு. அங்கே முன் டயர் வெடித்தால் பிழைப்பில்லை. ஆகவே ரீபில்ட் டயர் முன்னால் ஏறக்கூடாது. அதற்காகப் பின்னால் மொட்டை டயர் ஓடலாம் என்று எந்த நூலும் சொல்லவில்லை.

முதலாளிக்கும் காரணங்கள் உண்டு. 2022 நெருக்கடியில் டயர் விலை எகிறியது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. கிழட்டு வான்கள் ஓடியே தீரவேண்டியிருந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை ஏறியபோது அதைச் சுமந்தது யார்? வான் பள்ளத்தில் விழுந்தால் விளக்கமறியலுக்குப் போவது சம்பளத்துக்கு ஓட்டிய தம்பி. காப்புறுதிப் பணம் வாங்குவது முதலாளி. டயருக்குப் பெயர் போன நாடு வேறு: 1876இல் ஹெனரத்கொடையில் ரப்பர் நட்டவர்கள் நாம், இன்று திண்ம டயர் ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நிற்கிறோம்.

பசறை 13ஆம் கட்டையில் 2021 மார்ச் 20 அன்று பஸ் பாய்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதற்கோ, எல்ல–வெல்லவாய வீதியில் 2025 செப்டெம்பர் 4 இரவு 15 பேர் மாண்டதற்கோ டயர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பசறையில் வீதியை மறித்துக் கிடந்த பாறையைப் பற்றிப் பேசினார்கள், எல்லவில் பிரேக்கைப் பற்றி. பேசவேண்டியதுதான். பெரிய விபத்தென்றால் குழு அமைத்து ஆராய்கிறார்கள். ஒருவரோ இருவரோ சாகும் ஓட்டோ விபத்துக்கு அந்தப் பழைய வாசகமே போதுமாக இருக்கிறது.

ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போகிறோம். காப்புறுதி கேட்கிறார்கள், புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள். காரின் பின்னால் குழாயைச் செருகிப் புகையை அளக்கும் அரசு, அந்தக் குழாய்க்கு ஓரடி தள்ளியிருக்கும் டயரின் பள்ளத்தை அளக்கச் சொல்வதில்லை. இப்போது இணையத்திலும் அனுமதிப்பத்திரம் பெறலாம், எவரும் வாகனத்தைக் காணவே வேண்டாம். பஸ், லொறிகளுக்குத் தகுதிச் சான்றிதழ் உண்டு. அந்த ஒரு நாளுக்கு நல்ல டயரை இரவல் வாங்கிப் பூட்டும் கதையை கராஜ்களில் எவரும் தாழ்ந்த குரலில் பேசுவதுமில்லை.

கேட்பது பெரிதல்ல. புகை அளக்கும் இடத்திலேயே, ஒரு சிறு அளவுகோலால் நான்கு டயரையும் அளந்து, பக்கச் சுவரின் நான்கு இலக்கத்தையும் சான்றிதழில் எழுதட்டும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்த டயர். படிக்கத் தெரிந்த எவரும் வயதைக் கணக்கிடலாம். பாடசாலை வான்களை ஒக்டோபர் மழைக்கு முன் பொலிஸார் ஒரு காலை நிறுத்திப் பார்க்கட்டும். தண்டச்சீட்டை முதலாளியின் பெயரில் எழுதட்டும். விபத்துச் செய்தி அனுப்பும் பொலிஸ் நிலையம் டயரின் நிலையை ஒரு வரியில் சேர்க்கட்டும். அந்த வரி வந்தால் அச்சேற்ற ஆசிரியபீடங்களில் ஆட்கள் இருக்கிறார்கள்.