விடுவிக்கும் கேமராவுக்கும் வரம்பு வேண்டும்

1976 நவம்பரில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ராபர்ட் வுட் என்ற போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். முகப்பு விளக்கைப் போடாமல் வந்த காரை நிறுத்தி விசாரிக்கப் போனபோது நடந்த கொலை அது. காரைத் திருடியிருந்த 16 வயது டேவிட் ஹாரிஸ், சுட்டவர் ராண்டல் டேல் ஆடம்ஸ் என்று கைகாட்டினான். ஆடம்ஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

வேறொரு படத்துக்காக டெக்சாஸ் வந்த இயக்குநர் எரோல் மோரிஸ் சிறையில் ஆடம்ஸைச் சந்தித்தார். வழக்குக் கட்டுகளைப் புரட்டினார், சாட்சிகளைத் தேடிப் போனார். 1988-இல் ‘த தின் புளூ லைன்’ ஆவணப்படம் வெளியானது. மறு ஆண்டு மார்ச்சில், 12 ஆண்டுச் சிறைவாசம் முடிந்து ஆடம்ஸ் வெளியே வந்தார்.

நடிகர்களை வைத்துக் கொலைக் காட்சியைப் பலமுறை எடுத்திருந்தார் மோரிஸ். ஆவணப்படத்தில் நடிப்பா என்று அப்போது பலர் முகம் சுளித்தார்கள். ஆனால், எது நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல அவர் அந்தக் காட்சிகளைப் பயன்படுத்தவில்லை. வுட்டுடன் வந்த பெண் காவலர் காரை விட்டு இறங்கி நின்றாரா, உள்ளேயே இருந்தாரா? இரண்டு விதமாகவும் காட்டினார். எந்தச் சாட்சியம் இடிக்கிறது என்பது பார்ப்பவருக்கே புலப்பட்டது. ஹாரிஸின் கடைசிப் பேட்டியின்போது கேமரா பழுதாகிவிட, திரையில் ஒரு டேப் ரெக்கார்டரை மட்டும் காட்டி அவன் குரலை ஒலிக்கவிட்டார். ஆடம்ஸ் நிரபராதி என்பது அந்தக் குரலிலேயே வந்தது.

அதே மோரிஸ் மீது, விடுதலையான ஆடம்ஸ் வழக்குத் தொடுத்தார். சிறையில் இருந்தபோது எழுதிக் கொடுத்திருந்த தன் வாழ்க்கைக் கதையின் உரிமை தனக்கே வேண்டும் என்றார். வழக்கு சமரசத்தில் முடிந்து உரிமை அவரிடமே திரும்பியது. இதை நன்றி கெட்ட செயல் என்று சொல்வது அநியாயம். சிறைக்குள் இருப்பவர் விடுதலைக்காக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவார்.

இத்தகைய படங்கள் செய்யும் இன்னொரு வகைத் தவறும் உண்டு. 1993-இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் வெஸ்ட் மெம்பிஸில் மூன்று சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். கறுப்பு உடையும் ஹெவி மெட்டல் இசையும்கூட நீதிமன்றத்தில் எதிராகப் பேசப்பட்டு மூன்று இளைஞர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஆதரவு திரட்டியதில் ‘பாரடைஸ் லாஸ்ட்’ ஆவணப்படங்களுக்குப் பெரும் பங்குண்டு. 2011-இல் அவர்கள் வெளியே வந்தார்கள். ஆனால், 2000-இல் வந்த இரண்டாம் படம், கொல்லப்பட்ட சிறுவன் ஒருவனின் வளர்ப்புத் தந்தை மீது சந்தேகத்தைத் திருப்பியது. அவருடைய ஆவேசப் பேச்சும் விநோத நடத்தையுமே அதில் மேலோங்கி நின்றன. பிற்காலத்தில் அவரே அந்த மூவரும் நிரபராதிகள் என்று பகிரங்கமாகச் சொன்னார். தோற்றத்தையும் நடத்தையையும் பார்த்துச் சந்தேகப்பட்ட போலீஸாரின் பிழையைத்தானே அந்தப் படமும் செய்தது?

இத்தகைய படங்களுக்குப் பணம் போடும் நிறுவனங்கள் சில நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கைதியின் கதை உரிமை அவரிடமே இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் அவருடைய வழக்கறிஞர் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். அவருக்குப் பாதகமான சான்றுகளும் படத்தில் இடம்பெற வேண்டும். வேறொருவரைக் கொலைகாரராகக் காட்டுவதானால், நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஆதாரம் கையில் இருக்க வேண்டும். படம் வருகிறது என்பதைக் கொல்லப்பட்டவரின் குடும்பம் விளம்பரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை கூடாது. வெளியீட்டுக்கு முன்பே இயக்குநர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.