தனித்திருக்கத் தெரிந்த மனம்

பல்கலைக்கழக மாணவி ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். தாம் விரும்பும் இளைஞரின் மறுமொழி ஒரு மணி நேரம் தாமதித்தாலும் புத்தகத்தில் கண் பதிவதில்லையாம், உணவும் இறங்குவதில்லையாம். "அவரின்றி நான் இல்லை, இதுதானே உண்மைக் காதல்?" என்று வினவுகிறார்.

சகோதரி, அதில் காதலும் இருக்கலாம். அச்சமே மிகுதியென்பது நம் எண்ணம்.

குழந்தை வைத்தியரும் உளநூல் வல்லுநருமாக விளங்கிய ஆங்கிலேயர் டொனால்ட் வினிகொட், தனித்திருக்கும் ஆற்றலைப் பற்றி 1958ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மனமுதிர்ச்சியின் முக்கிய அடையாளங்களுள் அதுவும் ஒன்று என்பது அவர் கருத்து. தாய் அருகிலிருக்கையில்தான் குழந்தை அதனைக் கற்கிறது என்றார். நம் அடுக்களைகளில் நாள்தோறும் காணும் காட்சிதான்! அம்மா தேங்காய் திருவுகிறாள். பிள்ளை தன்பாட்டில் சிரட்டையோடு பேசிக்கொண்டிருக்கிறது. அவள் போய்விடமாட்டாள் என்று அது நம்புகிறது. ஆதலால் திரும்பிப் பார்ப்பதுமில்லை.

'எனக்கு எவருமே வேண்டாம்' என்று நெஞ்சை இறுக்கிக்கொள்வாரும் உளர். (இளைஞர் பலர் இதனைத் துணிவென்று கருதுகின்றனர்.) அதற்குள்ளும் அச்சமே ஒளிந்திருக்கிறது. இளமையில் அந்நம்பிக்கை வாய்க்காதவர்க்கு, நல்ல தோழமையால் அது பின்னரும் வளரக்கூடும்.

நாளை மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, தொலைபேசியை அறைத்தோழியிடம் ஒப்படைத்துவிட்டுப் படித்துப் பாரும். முதல் நாள் கடினமாகவே இருக்கும். அவ்விளைஞரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடும். அவர் முகஞ்சுளித்தால், அதனையும் நமக்கு எழுதும்.